வேலூர் வெயிலும் உலகின் சூடும்: காரணம் மனிதர்தான் என்று எப்படித் தெரியும்?

மார்ச் முடிவதற்குள் செய்தித்தாளில் அந்தத் தலைப்பு வந்துவிடும்: ‘வேலூரில் சதமடித்தது வெயில்’. சதம் என்பது ஃபாரன்ஹீட் கணக்கு. 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் ஏறத்தாழ 37.8 டிகிரி செல்சியஸ். கத்திரி தொடங்கிவிட்டால் அதையும் தாண்டி 40, 41 செல்சியஸ் என்று ஏறும். உள்ளூர்க்காரர்கள் யாரும் இதைப் படித்துத் திடுக்கிடுவதில்லை. ‘நீரில்லா ஆறு, மரமில்லா மலை’ என்று இந்த ஊரைப் பற்றிச் சொல்லும் பழைய பேச்சே உண்டு. கடல் தள்ளி இருக்கிறது. சுற்றிலும் பாறைக் குன்றுகள். சென்னையைச் சாயங்காலம் குளிர்விக்கும் கடற்காற்று இங்கே வந்து சேருவதற்குள் வலுவிழந்துவிடும். ஆகவே ‘வேலூர் எப்பவுமே இப்படித்தான்’ என்று பெரியவர்கள் சொன்னால், அதில் உண்மை இருக்கிறது.

ஆனால் அது ஒரு கேள்விக்கான பதில் மட்டும்தான். ஊர் ஏன் சூடாக இருக்கிறது என்பது அந்தக் கேள்வி. அந்தச் சூடு கூடிக்கொண்டு போகிறதா என்பது இரண்டாவது கேள்வி. கூடுகிறது என்றால் எதனால் என்பது மூன்றாவது. குன்றுகள் நூறு வருடத்துக்கு முன்பும் இதே இடத்தில்தான் இருந்தன. கடலும் இதே தூரத்தில்தான் இருந்தது. மாறாத ஒன்றை வைத்து மாற்றத்தை விளக்க முடியாது. இந்தக் கட்டுரை பின்னிரண்டு கேள்விகளைப் பற்றியது. குறிப்பாக மூன்றாவது. ‘மனிதர்தான் காரணம்’ என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறக்குறைய இருநூறு வருட உழைப்பு இருக்கிறது, அதை நம் பிள்ளைகளுக்கு யாராவது விரித்துச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்ததுண்டு.

முதலில், சூடு கூடுகிறதா என்று எப்படி அளப்பது? ஏலகிரி மலைமேல் ஒரு வெப்பமானி, கீழே ஜோலார்பேட்டையில் ஒரு வெப்பமானி வைத்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டாது. மேலே எப்போதும் சில டிகிரி குறைவாகவே இருக்கும். இவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்தால் அர்த்தமில்லை. அதனால் ஆய்வாளர்கள் ஒவ்வொரு இடத்தையும் அதனதன் பழைய சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். ஏலகிரியின் மே மாதம் ஏலகிரியின் வழக்கமான மே மாதத்தைவிட எவ்வளவு கூடுதல்? ஜோலார்பேட்டையின் மே அதன் வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல்? இந்த வித்தியாசங்களைத்தான் உலகம் முழுக்கச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். ‘வழக்கம்’ என்பதற்கு 30 வருடச் சராசரியை எடுத்துக்கொள்வது மரபு. ஒரு வருடம், இரண்டு வருடம் காட்டுவது வானிலை. முப்பது வருடம் காட்டுவதுதான் காலநிலை.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். அன்று வயல்வெளியில் இருந்த வெப்பமானியைச் சுற்றி இன்று கான்கிரீட் கட்டடங்கள் முளைத்திருந்தால்? ஊர் வளர்ந்ததன் சூட்டை உலகச் சூடு என்று தப்பாக எண்ணிவிட மாட்டோமா? ஆய்வாளர்களும் இதையே கேட்டுக்கொண்டார்கள். நகர நிலையங்களை நீக்கிவிட்டுக் கிராமப்புற நிலையங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஏற்றம் அப்படியே இருந்தது. பூமியில் பத்தில் ஏழு பங்கு கடல். கடல்மேல் ஊரும் இல்லை, கட்டடமும் இல்லை; அங்கும் சூடு கூடியிருக்கிறது. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901-க்கும் 2018-க்கும் இடையில் சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் கூடியிருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. உலகச் சராசரியைவிட இது குறைவு. காற்றில் மிதக்கும் புகைத்தூசி வெயிலைத் தடுத்துத் திருப்பி அனுப்புவதும், பாசன நிலங்களிலிருந்து ஆவியாகும் நீர் காற்றைக் குளிர்விப்பதும் அதற்குச் சில காரணங்கள்.

சூடு கூடுவது உறுதி. இனி அடுத்த கேள்வி.

மார்கழி, தை மாதங்களில் திருப்பத்தூர் பக்கம் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருக்கும் இரவுகளில் குளிர் நடுக்கி எடுக்கும். அதே மாதத்தில் மேகம் மூடிய இரவு வந்தால் அவ்வளவு குளிராது. பகலில் வெயில் வாங்கிய நிலம் இரவில் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்தை நோக்கி விடுகிறது. தெளிந்த, ஈரமற்ற வானத்தில் அதில் பெரும்பகுதி தப்பிப் போய்விடும். மேகமும் நீராவியும் இருந்தால் அந்தக் கதிரை வாங்கி, ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்பும். பாய்லர் வைத்திருக்கும் ஆலைகளில் தூரத்திலிருந்தே சூட்டைப் படிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இருக்கும். அதை இரவில் தெளிந்த வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள், பிறகு மேகத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். மேகம் அதிகம் காட்டும். வானம் நமக்கு வெப்பம் அனுப்புகிறது என்பதைக் கையில் பிடித்தே பார்த்துவிடலாம்.

காற்றில் உள்ள எல்லா வாயுவும் இந்த வேலையைச் செய்வதில்லை. காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். இரண்டும் இந்த வெப்பக் கதிரைக் கிட்டத்தட்டத் தடையில்லாமல் விட்டுவிடும். நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற சிறுபான்மை வாயுக்களே பிடித்து வைக்கின்றன. அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி 1856-இல் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு நிரம்பிய குழாய்தான் அதிகம் சூடேறியது. இந்த வாயு மிகுந்த காற்று பூமியைச் சூடாக்கும் என்று அப்போதே எழுதினார். 1859-இல் ஜான் டிண்டல் எந்த வாயு எவ்வளவு வெப்பக் கதிரை உறிஞ்சுகிறது என்று ஆய்வகத்தில் நுட்பமாக அளந்தார். 1896-இல் ஸ்வீடனின் ஸ்வாந்தே அரீனியஸ், காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடேறும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ‘இது நேற்று முளைத்த கதை’ என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது மனசு பொறுப்பதில்லை. வண்டிகளும் அனல் மின்நிலையங்களும் இன்றைய அளவுக்குப் பெருகுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த இயற்பியல் தெரிந்திருந்தது.

ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய சில அலைநீளங்களில் மட்டும் கதிரை உறிஞ்சும். இந்த அறிவு நமக்கு மிக அருகிலேயே நாள்தோறும் பயன்படுகிறது. ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வைணு பாப்பு பெயரிலான 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, எந்த இடத்தில் கறுப்புக் கோடு விழுகிறது என்று பார்த்து அந்த விண்மீனில் என்ன இருக்கிறது என்று சொல்கிறார்கள். அப்படிப் பிரிக்கும்போது நம் பூமியின் காற்றில் உள்ள நீராவியும் ஆக்சிஜனும் போடும் கோடுகளும் கூடவே வந்துவிழும். அவற்றைக் கழித்துத்தான் விண்மீனைப் படிக்க வேண்டும். இதே முறையைத் திருப்பிப் போட்டு, செயற்கைக்கோளிலிருந்து பூமியைப் பார்த்தார்கள். 1970-இல் நிம்பஸ் 4 செயற்கைக்கோள் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிரின் நிறமாலையைப் பதிவுசெய்தது. 1997-இல் ஒரு ஜப்பானியச் செயற்கைக்கோள் எடுத்த நிறமாலையோடு அதை ஒப்பிட்டு 2001-இல் வெளியிட்டார்கள். கரியமில வாயுவும் மீத்தேனும் உறிஞ்சும் அதே அலைநீளங்களில் வெளியேறும் வெப்பம் குறைந்திருந்தது.

சரி, கரியமில வாயு சூடாக்கும். அது நாம் விட்டதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? செடிகொடி மூச்சு விடுகிறது, கடல் விடுகிறது, மண் விடுகிறது. இயற்கையில் ஒரு வருடம் காற்றுக்குள் போகும் கார்பனோடு ஒப்பிட்டால், மனிதர் எரித்து விடுவது இருபதில் ஒரு பங்கு அளவுதான். இவ்வளவு சின்னப் பங்கு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, காவேரிப்பாக்கம் ஏரியை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். வரத்துக் கால்வாயில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் மதகு வழியாகப் போய்க்கொண்டிருந்தால் ஏரி மட்டம் மாறாது. வரத்து எவ்வளவு பெரிதானாலும் மாறாது. அதில் யாரோ ஒருவர் சிறு வாய்க்காலை வெட்டிக் கூடுதலாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் மட்டம் வருடா வருடம் ஏறும். காற்றில் நடப்பது அதுதான். இயற்கை விட்டதை இயற்கையே திரும்ப வாங்கிக்கொண்டது. நாம் விடுவதிலும் ஏறக்குறைய பாதியைக் கடலும் காடும் வாங்கிக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே சேர்கிறது.

அந்த மட்டத்தை 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளந்துவருகிறார்கள். சார்லஸ் கீலிங் தொடங்கிவைத்த வேலை. அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280. அண்டார்க்டிகாவின் பனிக்கட்டியை ஆழமாகத் துளைத்து, உள்ளே குமிழிகளாகச் சிக்கியிருக்கும் பழைய காற்றை எடுத்து அளந்ததில், கடந்த 8 லட்சம் வருடங்களில் அது ஏறக்குறைய 300-ஐத் தாண்டியதே இல்லை.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த சான்று. கீழடியில் கிடைத்த கரித்துண்டு எத்தனை வருடப் பழையது என்று கார்பன் 14 (எடை கூடிய, தானாகச் சிதையும் ஒரு வகைக் கார்பன்) வைத்துச் சொன்னதை நாம் எல்லோரும் படித்தோம். நமக்குப் பக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் இரும்பு 4,200 வருடப் பழமையானது என்று சொன்னதும் அதே முறையில்தான். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மேல்காற்றில் கார்பன் 14-ஐ உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. உயிரோடு இருக்கும் செடி காற்றிலிருந்து அதை வாங்கிக்கொள்ளும். செத்த பிறகு வாங்காது. உள்ளே இருப்பது மெல்ல மெல்லச் சிதையும். 5,730 வருடத்தில் பாதியாகும். நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் புதைந்தவை. அவற்றில் கார்பன் 14 துளியும் மிச்சமில்லை.

அப்படியானால் நிலக்கரியை எரித்துத்தான் காற்றில் கரியமில வாயு கூடுகிறது என்றால், காற்றில் கார்பன் 14-இன் பங்கு குறைய வேண்டும். ஹான்ஸ் சூஸ் 1955-இல் மரத்தின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது அதைத்தான் கண்டார். தொழிற்புரட்சிக்குப் பிந்தைய வளையங்களில் அது குறைந்திருந்தது. (1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன் 14-ஐச் செயற்கையாகக் கூட்டிவிட்டன, அதனால் பிந்தைய கணக்கில் அதையும் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.) செடியிலிருந்து வந்த கார்பனா, எரிமலையிலிருந்து வந்ததா என்று பிரிக்க இன்னொரு வழி கார்பன் 13. இது சாதாரணக் கார்பன் 12-ஐவிட எடை சற்றுக் கூடிய, சிதையாத வகை. செடிகள் எடை குறைந்த கார்பன் 12-ஐயே அதிகம் விரும்பி எடுக்கும். அதனால் செடியில் பிறந்த நிலக்கரியிலும் கார்பன் 13 குறைவு. காற்றில் அதன் பங்கும் இறங்கிக்கொண்டே வருகிறது. எரிமலையோ கடலோ காரணமாக இருந்தால் இப்படி இறங்காது. இதோடு, காற்றில் ஆக்சிஜனும் மிகச் சிறிதளவு குறைந்துவருவதை அளந்திருக்கிறார்கள். நாம் மூச்சு விடுவதைப் பாதிக்கும் அளவு இல்லை. ஆனால் ஏதோ எரிந்திருக்கிறது என்று காட்டப் போதுமான அளவு. தொல்லியல் சான்றை நம்புகிறவர் இந்தச் சான்றை நம்பாமல் இருக்க முடியாது. இரண்டும் ஒரே அணுவைப் பற்றியவை.

சூரியன்மேல் பழி போடுவோரும் உண்டு. சூரியனை 1978 முதல் செயற்கைக்கோள்கள் நேரடியாக அளந்துவருகின்றன. சுமார் 11 வருடத்துக்கு ஒரு முறை அதன் வீச்சு சற்றே ஏறி இறங்கும். ஆனால் இந்தக் காலம் முழுவதிலும் மேல்நோக்கிய போக்கு இல்லை. பூமியின் சூடு மட்டும் ஏறியிருக்கிறது. இதைவிட அழுத்தமான சான்று காற்றின் உயரங்களில் இருக்கிறது. சூரியன் காரணமாக இருந்தால் நாம் வாழும் கீழடுக்கும், அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலமும் (ஸ்ட்ராட்டோஸ்பியர்) இரண்டுமே சூடேற வேண்டும். கரியமில வாயு காரணமாக இருந்தால் கீழே சூடேறி, மேலே குளிர வேண்டும். இப்படித்தான் நடக்கும் என்று சியுகுரோ மனாபே 1967-லேயே கணக்கிட்டார். காலநிலையைக் கணினி மாதிரியில் கொண்டுவந்ததற்காக அவருக்கு 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பலூன்களும் செயற்கைக்கோள்களும் பிறகு அளந்தபோது மேலே குளிர்ந்துதான் இருந்தது. எரிமலை? உலகின் எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஒரு வருடத்தில் விடும் கரியமில வாயு, மனிதர் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய எரிமலை வெடித்தால் அதன் தூசிமண்டலம் பூமியைச் சிறிது காலம் குளிர்விக்கத்தான் செய்யும். 1991-இல் பினாடுபோ வெடித்தபோது உலகச் சராசரி ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது.

இரவும் ஒரு சாட்சி. சூரியன் வீச்சு கூடியிருந்தால் பகல்தான் அதிகம் சூடேற வேண்டும். உலக அளவில் பார்த்தால் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை பகலைவிட வேகமாக ஏறியிருக்கிறது. இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுபோகிற விஷயம் இல்லை. பகலெல்லாம் தோல் ஷெட்டிலோ செங்கல் சூளையிலோ உழைத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுக்கும் ஒருவருக்கு, உடம்பு ஆறுவதற்குக் கிடைக்கும் ஒரே நேரம் இரவு. நாளிதழில் அதிகபட்சம் மட்டும் தலைப்பாகிறது. பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் குறைந்தபட்சத்தையும் நாம் பார்க்கப் பழக வேண்டும்.

கணினி மாதிரி என்றவுடன் ஜோசியம் என்று நினைத்துவிடக் கூடாது. பூமியைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம் எப்படி நகரும் என்று இயற்பியல் விதிகளை வைத்துக் கணக்கிடுவதே மாதிரி. அதில் சூரியனையும் எரிமலையையும் மட்டும் கொடுத்துக் கடந்த நூற்றைம்பது வருடத்தை ஓட்டிப் பார்க்கிறார்கள். நாம் கண்ட ஏற்றம் வருவதில்லை. மனிதர் விட்ட வாயுக்களையும் தூசியையும் சேர்த்து ஓட்டினால்தான் வருகிறது. பூனாவில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் மாதிரியும் இந்த உலகளாவிய ஒப்பீட்டில் பங்கேற்றிருக்கிறது. 1850-1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2010-2019க்குள் மனிதரால் கூடிய வெப்பம் சுமார் 1.07 டிகிரி என்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2021-இல் மதிப்பிட்டது. அளந்த மொத்த ஏற்றமும் ஏறக்குறைய அதே அளவுதான். இயற்கைக்கு ஒதுக்க மிச்சம் எதுவும் இல்லை.

மாதிரிகளுக்கு எல்லையும் உண்டு. அவற்றில் பலவற்றின் கட்டம் சுமார் நூறு கிலோமீட்டர் அகலம். பிரிக்கப்படாத பழைய வட ஆர்க்காடு மாவட்டம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஜவ்வாது மலையும் பாலாற்றுப் பள்ளமும் அந்தக் கட்டத்தில் ஒரே சமதரை. அதனால் உலகம் எவ்வளவு சூடேறும் என்பதை உறுதியாகச் சொல்லும் அறிவியல், வாணியம்பாடியின் ஐப்பசி மழை எப்படி மாறும் என்பதை அதே உறுதியோடு சொல்வதில்லை.

அந்த மழையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் கரைபுரண்டு வெள்ளம் வந்தபோது ‘இது பருவநிலை மாற்றம்’ என்று பலர் உடனே சொன்னார்கள். ஆனால் 1903 நவம்பரில் பாலாறு இதே வாணியம்பாடியைச் சூறையாடியிருக்கிறது. அன்று கரியமில வாயு 300-க்கும் கீழே. ஆகவே ‘இந்த வெள்ளத்துக்குக் காரணம் அதுவா?’ என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வராது. ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்கள்: மனிதர் சூடாக்காத உலகில் இப்படியொரு நிகழ்ச்சி எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வரும், இன்றைய உலகில் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வரும்?

அந்தக் கேள்வியை 2015 டிசம்பர் சென்னைப் பெருமழைக்குப் போட்டுப் பார்த்தார்கள். உலகச் சூட்டின் பங்கு இதில் தெளிவாகத் தெரியவில்லை என்றே முடிவு வந்தது. அதை அப்படியே வெளியிட்டார்கள். 2022 மார்ச், ஏப்ரலில் வடமேற்கு இந்தியாவையும் பாகிஸ்தானையும் வாட்டிய வெப்ப அலைக்கும் அதே முறையைப் போட்டார்கள். மனிதரால் வந்த சூடு அதன் வாய்ப்பை ஏறக்குறைய 30 மடங்கு கூட்டியிருந்தது. தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்லும் அதே கை எழுதிய எண் என்பதால்தான் இந்த 30-ஐ நான் முழுசாக நம்புகிறேன். வெப்ப அலையில் சான்று வலுவாகவும் மழையில் மங்கலாகவும் இருப்பதற்குக் காரணமும் உண்டு. ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். பெருமழையின் வலு கூட அது வழி. ஆனால் அந்த மழை எங்கே, எப்போது கொட்டும் என்பதைக் காற்றோட்டமும் வங்கக் கடலின் நிலையும் தீர்மானிக்கின்றன; வருடத்துக்கு வருடம் ஏற்ற இறக்கமும் மிக அதிகம்.

இந்தக் கணக்குக்கு மாதிரியைவிட முக்கியமாகத் தேவைப்படுவது பழைய பதிவுகள். தாலுகா அலுவலகங்களில் மழைமானி வைத்து, அன்றன்றைய மழையை முதலில் அங்குலத்திலும் பிறகு மில்லிமீட்டரிலும் எழுதிவைக்கும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இருக்கிறது. ஒரு பெருமழை நூறு வருடத்துக்கு ஒரு முறை வருவதா, முப்பது வருடத்துக்கு ஒரு முறை வருவதா என்பதை அத்தகைய ஏடுகள் நீண்ட காலத்துக்கு விடுபடாமல் இருந்தால்தான் சொல்ல முடியும். குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா என்று ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஏதேனும் பழைய ஏடு மிஞ்சியிருந்தால், அதைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றுவது கல்லூரி மாணவர்களே செய்யக்கூடிய வேலைதான்.